ஆறிப்போன கடல் தண்ணீர்

கடலூர்ப் பக்கம் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், திங்கட்கிழமை தோறும் காலையில் படகுத்துறையின் முனைக்குப் போய்க் கடல் தண்ணீரை மொண்டு சூடு பார்ப்பது என் பொறுப்பு. பிறகு அதே தண்ணீரை ஒரு புட்டியில் அடைத்து, உப்பு எவ்வளவு என்று பார்க்க அனுப்ப வேண்டும். கடல் மெல்லச் சூடேறுகிறதா என்பது ஒரு நாள் தண்ணீரில் தெரியாது. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், வருடக்கணக்காகப் பார்த்துவந்தால்தான் தெரியும். அதனால் காய்ச்சலோடுகூடப் போயிருக்கிறேன். ஒன்றைத் தவிர ஒரு திங்களும் விட்டதில்லை.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த சமயம். நாத்தனாருக்குப் பிரசவம் என்று கள்ளக்குறிச்சிக்குப் போயிருந்தேன். என் கணவர் கல்வராயன் மலையடிவாரத்து விவசாயி. அறுப்பு முடிந்து கடலூரில் என்னோடு தங்கியிருந்தார். வீட்டை அவர் பார்த்துக்கொள்ள, ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பிவிடுவதாக ஏற்பாடு. அதற்குள் ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டுவிட்டார்கள். பஸ் நின்றுபோனது. வெட்டப் போனவர்களில் நாத்தனாரின் கணவரும் ஒருவர்.

பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு நாத்தனார் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னா அண்ணி, மொகம் இப்டி வாடிப்போச்சி? கடலுக்கு ஜுரமா?"

"ஜுரம் வந்துச்சா இல்லியான்னு பாக்கத்தான் போவணும். உங்கூட்டுக்காரரு மரத்தப் போட்டு வெச்சிட்டாரே."

"அவுரு வந்தா கேளுங்க. ஒரு வாரம் பாக்காட்டி கடல் கோச்சிக்குமா?"

கோபித்துக்கொள்ளாது. ஆனால் அந்த வாரம் போனால் போனதுதான். அதைத் திரும்ப அளக்க முடியாது. என்னோடு வேலை செய்தவர்களும் ஆளுக்கொரு ஊரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். துறைக்கு நடந்து போகிற தூரத்தில் இருந்தவர் என் கணவர் மட்டும்தான்.

பக்கத்து ரைஸ் மில்லில் டெலிபோன் இருந்தது. கடலூரில் எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மா நம்பருக்கு டிரங்கால் போட்டு, அவரைக் கூப்பிடச் சொன்னேன்.

"வாளியில கயிறு கட்டி, துறை முனையில எறக்குங்க. தெர்மாமீட்டர் பீரோவுல மேல் தட்டுல கீது. அத வாளியில வெச்சிப் பாருங்க. அப்பறம் புட்டியில தண்ணி நெறப்பி, மூடிய மெழுகு வெச்சி அடைங்க."

"அவ்ளோதானா? இதுக்கா வாரா வாரம் என்னை வுட்டுட்டு ஓடுற?"

"கேளுங்க, தண்ணி மேல வந்த ஒடனே..."

லைன் அறுந்தது. மறுபடி கிடைக்கவில்லை. திங்கட்கிழமை விடிந்தபோது மலைப்பக்கம் மேகம் கட்டியிருந்தது. துறையில் அவர் குனிந்து வாளி இறக்குவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நீச்சல் தெரியாது.

மரங்களை அகற்றி வழி விட்டபின் நான் போய்ச் சேர வாரக் கடைசி ஆகிவிட்டது. பையைக் கூட வாங்காமல் ஒரு சீட்டை நீட்டினார். இருபத்தாறு டிகிரி. அந்த மாதத்தில் எங்கள் கடல் அவ்வளவு குளிர்ந்து நான் பார்த்ததே இல்லை.

"எப்பங்க பாத்தீங்க?"

"செவ்வாக்கெழம வெடியகாலைல."

"தண்ணி எடுத்தது?"

"நீ சொன்ன மாரி திங்கக்கெழமதான். ஒரே கலங்கலா இருந்துச்சி. அதான் குண்டான்ல ஊத்தி, தட்டு போட்டு மூடி, ராத்திரி பூரா தெளிய வெச்சேன். மேலாப்ல மொண்டு பாத்தேன். கண்ணாடி மாரி இருந்துச்சி!"

அவர் ஊரில் மழைக்காலத்தில் மலையிலிருந்து ஆறு செம்மண்ணாக இறங்கும். தெளிய வைக்காத தண்ணீரை அந்த வீட்டில் மாட்டுக்குக்கூடக் காட்ட மாட்டார்கள். எனக்காகக் கடலையும் தெளிய வைத்திருக்கிறார்! சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டு, அவர் அளந்தது எங்கள் சமையலறையின் குளிரைத்தான் என்று பக்குவமாகச் சொன்னேன். பதிவேட்டில் சூட்டுக்கான கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் போனது தெண்டம்."

"யாரு சொன்னா? சூடுதான் ஆறிப்போவும். உப்பு எங்கியும் ஓடாது. மூடித்தான வெச்சீங்க?"

மெழுகு வைத்த புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். நான் அடைப்பதைவிட இறுக்கமாக அடைத்திருந்தார். அதை அனுப்பினேன். உப்புக் கணக்கு வழக்கமான அளவிலேயே வந்தது. மாதிரி எடுத்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினேன். அதை இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

அடுத்த திங்கள், கேட்காமலே என்னோடு துறைக்கு வந்தார். கயிற்றை அவரே இழுத்தார். வாளி மேலே வந்தபோது நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சோறு போட்டுவிட்டுக் கூப்பிடுகிற குரலில் அதட்டினார்:

"அங்க இன்னா பண்ற? சீக்கிரம் வா, ஆறிடப்போவுது."