வாசுகிக்கு வைக்காத இடியப்பம்

வோபர்ன் சிகிச்சை நிலையத்திலிருந்து ஒரு பெண், என் வியாழக்கிழமை அப்பொயின்ற்மென்றை ரத்துச் செய்வதாகத் தொலைபேசியில் சொன்னாள். "காரணம் சொல்லாமல் ரத்துச் செய்யிறது என்ன பழக்கம், பிள்ளை?" என்று கடிந்துகொண்டேன். பிறகு, "அன்ரி, வாசுகி அக்கா மோசம் போட்டா. நேற்று, திடீரெண்டு" என்றாள்.

மறைந்த பிசியோதெரபிஸ்ற் வாசுகியிடம் கை, கால், முதுகு காட்டியவர்கள் இதை வாசிக்கும் உங்களில் பலர். அந்தப் பகிடிக்காரியை நான் சென்ற வசந்தத்தில்தான் அறிந்தேன். வலது முழங்கையின் வெளிப்புறம் நொந்து, தேநீர்க் கோப்பையையும் தூக்க முடியாதிருந்தது. வைத்தியர் ரெனிஸ் எல்போ என்றார். நான் கொன்வென்ற் பள்ளியில் நெட்போல் ஆடியவள். ரெனிஸ் மட்டையைத் தொட்டதேயில்லை.

"பின்னை என்னத்தைப் பிடிச்சு நெரிக்கிறியள்?" என்று வாசுகி கேட்டார்.

"இடியப்ப உரலை." கணவர் போன பின்னும் கடை இடியப்பம் என் வீட்டுக்குள் வந்ததில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.

"உரலை அலுமாரியில பூட்டிப்போட்டுத் திறப்பை என்னட்டத் தாங்கோ."

மேசை விளிம்பில் முன்கையை வைத்து, சிறு எடையைப் பிடித்தபடி மணிக்கட்டை ஏற்றி இறக்க வேண்டும். ஏற்றும்போது இடது கையின் உதவியை எடுக்க எனக்கு விருப்பமில்லை. "தூக்கேக்க மற்றக் கை உதவட்டும், அன்ரி. இறக்கிறதுதான் இந்தக் கைக்கு வேலை. மெதுவா, ஆறுதலா. ஒருத்தரும் புள்ளி போட மாட்டினம்."

ஒருநாள் நேரத்தோடு போனேன். காய்ந்த சான்ட்விச் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். "சமைக்க எங்க நேரம்? நீங்கள் ஒருநாள் கூப்பிடுங்கோவன். இடியப்பமும் சொதியும்."

"கை நோவு மாறட்டும்."

"அதுமட்டும் பொறுக்கோணுமோ? கடையில வாங்கி வையுங்கோ."

"வீட்டுக்கு வாற ஆளுக்குக் கடை இடியப்பம் வைக்கிறதோ?"

"அப்ப மாவைக் குழைச்சு வையுங்கோ. நான் வந்து பிழியிறன்."

"விருந்துக்கு வாற ஆளிட்ட வேலை வாங்கிறதோ?"

வாசுகி சிரித்தார். "அன்ரி, உங்களுக்கு நோகிறது முழங்கை இல்லை."

அதன் பிறகு போகும்போதெல்லாம், "இந்தக் கிழமையோ?" என்பார். "இன்னும் கொஞ்சம்" என்பேன். அவருக்கு நாள் இருக்கிறது என்றே நினைத்தேன். எண்பதைக் கடந்தவள் நான்; காத்திருக்க நேரமில்லாதவள் நானாகத்தானே இருக்க வேண்டும்?

இறுதிச் சடங்கில் அவருடைய கணவரிடம் என் பெயரைச் சொன்னேன். "ஓ, இடியப்ப அன்ரியோ? உங்கட வீட்ட எப்ப போறமெண்டு என்னையும் கேட்டுக்கொண்டிருந்தவ" என்றார். 

கை இன்னும் முழுதாக மாறவில்லை. மாறும்வரை பொறுக்க எனக்கு இனித் துணிவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய கணவரையும் மகளையும் அழைத்திருக்கிறேன். சொதியை நான் வைப்பேன். இடியப்பம் மார்க்கம் வீதிக் கடையிலிருந்து வரும். வாசுகியிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அந்தக் கடை இடியப்பத்தை அவர் இருந்தபோதே வாங்கியிருக்கலாம்.