கவுஸ் பாய் வரைந்த கதவு

கவுஸ் பாய் இன்று காலை இறந்துவிட்டார். திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நம்பர் பிளேட் எழுதும் கடை வைத்திருந்தவர்...

எழுதுவது நான், யாமினி. பதினொன்றாம் வகுப்பு. அக்கவுண்ட் அம்மாவுடையது, அதனால் அம்மா என்று நினைத்துப் பேச வேண்டாம்.

ஊரில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அவர் பன்னிரண்டு வருடம் காமிக்ஸ் வரைந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் புத்தகங்களில் எங்கேயும் அவர் பெயர் இருக்காது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்றால்... பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு துப்பறியும் காமிக்ஸ் கிடைத்தது. கதை நடப்பது பனி பெய்யும் ஏதோ வெளிநாட்டில். ஆனால் துப்பறிவாளரின் கார், வில்லனின் லாரி, போலீஸ் ஜீப், எல்லாவற்றுக்கும் ஒரே நம்பர்!

ஒரு நாள் டியூஷன் போகும் வழியில் அதே நம்பரை ஒரு மொபெட்டில் பார்த்தேன். கவுஸ் பாய் கடை வாசலில்.

மறுநாள் புத்தகத்தோடு போய்க் கேட்டேன். "பாய், வில்லன் லாரிக்கு ஏன் உங்க வண்டி நம்பரைப் போட்டீங்க?"

புத்தகத்தை வாங்கிப் புரட்டியவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "வேற எவன் நம்பரையாவது போட்டா சண்டைக்கு வருவான்ல? இத்தினி வருஷத்துல ஒருத்தன்கூட கண்டுபுடிக்கல. நீ போலீசு வேலைக்குப் போயிடு பாப்பா."

அதற்குப் பிறகு வாரா வாரம் போய்க் கேள்வி கேட்பேன். ராத்திரி மழையை எப்படி வரைவீர்கள்? முதலில் எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிட்டு, இங்க் காய்ந்ததும் பிளேடால் கோடு கோடாகச் சுரண்டுவாராம். மழை வந்துவிடும்!

"கதையை எல்லாம் யாரு எழுதினது பாய்?"

"தெரியாதே."

எனக்கு நம்பவே முடியவில்லை. பத்திரிகை ஆபீஸ் வேறு ஊரில். கதை தபாலில் வரும், படம் தபாலில் போகும். எழுதியவர் பெயரை யாரும் சொன்னதில்லை, இவரும் கேட்டதில்லை.

"எழுத்து ஒரேடியா நடுங்கும். யாரோ வயசான மனுஷன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

பிறகு ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் வரைந்த கடைசிப் பக்கம். துப்பறிவாளர் ஒரு கதவின் கைப்பிடியில் கை வைத்திருக்கிறார். கீழே 'தொடரும்'. அந்த மாதத்தோடு பத்திரிகை நின்றுவிட்டது.

"உள்ள யாரு இருந்தாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது பாப்பா. வரைஞ்சவன் நானு, எனக்கே தெரியாது." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கவரை மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மூன்று மாதத்துக்கு முன்பு நான் இங்கே போட்டது அந்தப் பக்கத்தைத்தான். ஷேர் செய்த எல்லோருக்கும் நன்றி. பதினோராவது நாள் இன்பாக்ஸில் ஒரு மெசேஜ் வந்தது. "அந்தக் கதவு வரைக்கும் எழுதினது நான்தான்."

வசந்தா ஆன்ட்டி. இருப்பது மணவூரில்... அரக்கோணம் தாண்டிக் கொஞ்ச தூரம், அவ்வளவுதான்! சென்னையில் கிளார்க் வேலை பார்த்தவர். கதைகள் எல்லாம் காலை ரயிலில், மடியில் வைத்து எழுதியவை. எழுத்து நடுங்கியது அதனால்தான்.

போனில் முதல் கேள்வியே, "உள்ளே யாரு ஆன்ட்டி?"

"ஐயோ, எனக்கு எப்படிம்மா தெரியும்? அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்."

இதை எப்படி பாயிடம் சொல்வது? சொல்லவில்லை. "இப்ப எழுதுங்க ஆன்ட்டி" என்றேன். இரண்டு நாளில் வாட்ஸப்பில் ஒரு பக்கம் வந்தது. துப்பறிவாளர் கதவைத் தள்ளுகிறார், கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்த வில்லன் பாய்கிறான்.

அதற்குள் பாய்க்கு இதயக் கோளாறு, கடை மூடியாகிவிட்டது. படுத்தபடி படித்தவர் எழுந்து உட்கார்ந்தார். "கீலை நம்ம பக்கம் வரைஞ்சி வச்சிக்கிறேன், பாரு! இந்தக் கதவை இழுத்தாதான் தொறக்கும். தள்ளச் சொன்னா எப்பிடி? மாத்தச் சொல்லு."

ஆன்ட்டிக்குக் கோபம். "பன்னெண்டு வருஷம் வாயே தொறக்காம வரைஞ்சாரு. இப்ப கீல் பேசறாரா?"

ஆனாலும் மாற்றினார். இந்த முறை துப்பறிவாளர் கதவை இழுக்கிறார். உள்ளே யார் தெரியுமா? முந்தின இதழிலேயே செத்துப்போய்விட்டதாக எல்லோரும் நினைத்த அவருடைய உதவியாளர்! நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "ஏன் சார் இவ்ளோ லேட்டு?" என்று கேட்கிறார்.

இதை வாசித்துக் காட்டியபோது பாய் இருமல் வரும்வரை சிரித்தார். அவர் மனைவி பாயம்மா என்னைத்தான் திட்டினார். பாய், "ஆங்... இது வரையலாம்" என்று பேப்பர் கேட்டார்.

மணவூருக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "பக்கத்தை முடிச்சிகினுதான் வருவேன். கையை வீசிகினு போயி என்னா பேசறது?"

இன்று காலை பாயம்மா அந்தப் பேப்பரைக் காட்டினார். ஆறு கட்டங்கள். நான்கில் இங்க் போட்டுவிட்டார். ஐந்தாவதில் கதவு திறந்திருக்கிறது, பென்சிலில். உதவியாளரின் தலை வெறும் வட்டம். ஆறாவது காலி.

ஆன்ட்டிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டார்...

"அஞ்சாவதுல, பேச்சு எழுத எடம் விட்டிருக்காரா?"

வட்டத்துக்கு மேலே ஒரு காலி பலூன் இருந்தது. "விட்டிருக்காரு ஆன்ட்டி. பெருசா."

"எப்பவும் விடுவாரு" என்றார்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு எடுக்கிறார்கள். ஆன்ட்டி மதிய ரயிலில் ஏறிவிட்டார். அழைத்துவர ஸ்டேஷனுக்குக் கிளம்புகிறேன்.

பாய், அவங்க வந்துகினு இருக்காங்க.