கறுப்பு மணிகளின் மேல்தோல்

தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அலசல் அக்கா என்றால்தான் தெரியும். வேலையும் அதுதான். செம்பு உப்பையும் மாங்கனீசு உப்பையும் தொட்டியில் கரைத்து, சலவைச் சோடாக் கரைசலை ஊற்றினால் பழுப்பாக ஒரு சேறு படியும். ஒட்டியிருக்கும் சோடா போகும்வரை அந்தச் சேற்றை அலசு அலசென்று அலச வேண்டும். பிறகு காயவைத்து, உலையில் சுட்டு, உடைத்துச் சலித்தால் மிளகு போலக் கறுப்பு மணிகள். இரண்டு உலோகங்களும் ஆக்சைடாகி ஒன்றுக்குள் ஒன்று கலந்தவை. நெருப்புப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு உண்டு. வாசனைகூடக் காட்டாமல் ஆளைக் கொல்லும். இந்த மணிகளுக்கு நடுவே புகுந்து வெளியே வந்தால் அது பரம சாதுவாகிவிடும்.

அவள் கணவனுக்கு, ரயிலுக்காகச் சுரங்கப் பாதை தோண்டும் இடத்தில் மின் வேலை. அவன் இடுப்பில் தொங்கும் டப்பாவுக்குள் இருப்பது இந்த மணிகள்தான். புகை சூழ்ந்தால் டப்பாவைத் திறந்து, குழலை வாயில் கவ்விக்கொண்டு வெளியே நடக்க வேண்டும். "உன்னை வீட்லயும் சுமக்கணும், வேலையிலயும் சுமக்கணும், என் தலையெழுத்து" என்பான். "கழட்டி வச்சிட்டுப் போங்களேன், யாரு வேணாங்கிறா" என்பாள். இந்தச் சண்டை இல்லாமல் அந்த வீட்டில் பொழுது விடியாது.

கிடங்கில் மாதிரிக்கு வைத்திருந்த பழைய மணிகளை ஒருநாள் திரும்பச் சோதித்தபோது, ஒரு தொட்டியின் மணிகள் மட்டும் காலை வாரிவிட்டன. வாயு போன மாதிரியே வெளியே வந்தது. இத்தனைக்கும் உலையிலிருந்து வந்த புதிதில் தேறியவை. கெமிஸ்ட் மேடம் அவற்றைக் கரைத்துப் பார்த்தார். செம்பு சரி, மாங்கனீசு சரி. தலையைப் பிய்த்துக்கொண்டார். கடைசியில், மேற்பரப்பைப் பார்க்கும் கருவி இருக்கிற ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பும்போது, "அக்கா, நீங்களும் வாங்க. உங்க தொட்டிதானே" என்றார்.

காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த இரும்புக் கூட்டுக்குள் மணிகளை வைத்து எக்ஸ்ரே பாய்ச்சினார்கள். திரையில் கோடு ஏறி இறங்கி மலை மலையாக எழுந்தது. இது மாங்கனீசு, இது செம்பு என்று காட்டிக்கொண்டே வந்த மேடத்தின் விரல், ஓங்கி நின்ற ஒரு மலையில் நின்றுவிட்டது. "சோடியம். சோடாவுல இருக்கிறது" என்றார்.

"கரைச்சப்போ இல்லையே மேடம்?"

"இருந்திருக்கும், கூட்டத்துல காணாமப் போயிருக்கும். இந்த மெஷின் மேல்தோலை மட்டும்தான் பார்க்கும். ஏதோ சில அணு கனம், அவ்வளவுதான். சூட்டுல சோடியம் உள்ள இருக்கப் பிடிக்காம மேல வந்து உட்கார்ந்துக்கும். ஈரத்துல இன்னும் பரவும். வாயு தொடுற இடமே அந்தத் தோல்தான்க்கா. அங்க இடம் இல்லன்னா உள்ள எவ்வளவு செம்பு இருந்து என்ன?" பிறகு சொன்னார்: "மணிக்குள்ள பூரா கண்ணுக்குத் தெரியாத துளைங்க. ஒரு கைப்பிடி மணியோட துளைச் சுவரையெல்லாம் விரிச்சா ஃபுட்பால் மைதானமே வரும்."

இத்தனை வருஷமாக வாளி வாளியாக மைதானங்களையா அலசிக்கொண்டிருந்தோம்! அக்கா தன் கைகளையே புதிதாகப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் அது நினைவுக்கு வந்தது. தண்ணீர் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் பழுதான அன்று, அந்தத் தொட்டியின் கடைசி அலசலை அவள் குழாய்த் தண்ணீரில் முடித்திருந்தாள்.

"குடிக்கிற தண்ணிதானேன்னு நினைச்சுட்டேன் மேடம். கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"குடிக்கலாம்க்கா. அதுல கரைஞ்சிருக்கிற சோடியம் உப்பை வயிறு பொறுத்துக்கும், மணி பொறுக்காது" என்ற மேடம் போனை எடுத்தார். அந்தத் தொட்டி மணிகள் அடைத்த டப்பாக்களில் சில, சுரங்கத்துக்குத்தான் போயிருந்தன. எது யார் இடுப்பில் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் மாற்றித் தருவதாகப் பேச்சு.

மறுநாள்வரை நெருப்பு பொறுக்கவில்லை. அவர்கள் திரும்பி வரும் வழியிலேயே தகவல் வந்தது: சுரங்கத்துக்குள் மண் அள்ளும் ரப்பர் பட்டை பற்றிக்கொண்டது. கார் நேரே அங்கே பறந்தது. புகைக்குள்ளிருந்து குழலைக் கவ்வியபடி ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினாள். அவன் வந்தான், குழலைப் பிடுங்கினான். உதடு வீங்கியிருந்தது.

"என்னத்தடி போட்டுத் தொலைச்ச உள்ள? வாயெல்லாம் வெந்துபோச்சு!"

மேடம் அவள் தோளைப் பிடித்தார். "வாயு மாறும்போது சூடு கிளம்பும்க்கா. சுட்டிருக்குன்னா வேலை செஞ்சிருக்கு. இது நல்ல தொட்டி."

ஊரே பார்க்க அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். கண்ணுக்கே தெரியாத ஒரு தோல், புகைக்குள் இவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது!

"தூக்கி எறியத்தான் பார்த்தேன்" என்றான் அவன். "அப்புறம், நீ அலசினதாச்சே, தப்பா இருக்காதுன்னு கவ்விக்கிட்டே வந்துட்டேன்."

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அவனுக்குப் பின்னாலேயே வந்து தரையில் சரிந்து உட்கார்ந்த வெல்டர் சிரித்தார். "சும்மா அளக்கிறான் தங்கச்சி. எனக்கெல்லாம் கடைசிவரைக்கும் ஜில்லுன்னுதான் இருந்துச்சு. தலைதான் லேசாச் சுத்துது."

அக்காவின் கை கணவனை விட்டது. "ஆக்சிஜன் கொண்டாங்க! இவருக்கு முதல்ல குடுங்க!" என்று ஆம்புலன்ஸ் பக்கம் அலறினாள்.

"எனக்கு எதுக்கும்மா? நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றார் வெல்டர். எழப் பார்த்தார், கால் நிற்கவில்லை. அவளே தாங்கி ஏற்றினாள். ஆக்சிஜன் போகப் போக அவர் பார்வை தெளிந்தது. ஆஸ்பத்திரி வரும்வரை அவர் கையை அவள் விடவில்லை.