ஒரு சாவிக்கு மட்டும் இடம்

செத்துப்போன நண்பன்மேல் கோபப்படுவது முறையா என்று தெரியவில்லை. எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது ஒரு சின்ன மென்பொருள். அவன் மனைவிக்காகத்தான் ஆரம்பித்தோம். பீன்யா தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவள் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறாள். அங்கே எந்த மெஷினுக்கும் இன்டர்நெட் கிடையாது. மென்பொருள்களை ஏற்றப் புது பேக்கேஜ் வேண்டுமென்றால் பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மெஷினாக அலைய வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து காலைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் அவன் என்னைக் கூப்பிட்டான். பேக்கேஜ்களை ஒரே கம்ப்யூட்டரில் வைத்து, உள்ளுக்குள் இழுத்த கேபிள் வழியாக மற்ற மெஷின்களுக்குக் கொடுக்கும் ரெப்போ கருவிகள் எத்தனையோ உண்டு. ஆனால் தொழிற்சாலை கொடுத்த ஓட்டை கம்ப்யூட்டரில் அவையெல்லாம் மூச்சு வாங்கும். அதனால் எடையே இல்லாத ஒன்றை நாங்களே எழுதினோம், ஜோகுபாளையத்தில் அவன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், ஞாயிற்றுக்கிழமைகளில், சண்டை போட்டுக்கொண்டே.

பெரிய சண்டை சாவியைப் பற்றி. ரெப்போவில் இருக்கும் பேக்கேஜ்களுக்கு ஒருவர் தன் ரகசியச் சாவியால், அதாவது தன்னிடம் மட்டும் இருக்கும் ஒரு நீண்ட குறியீட்டால், கையெழுத்திட வேண்டும். அது சரியாக இருந்தால்தான் மற்ற மெஷின்கள் ஏற்கும். அந்தச் சாவிக்குக் காலக்கெடு உண்டு. அதன் கடவுச்சொல் தெரிந்தவரால்தான் கையெழுத்திடவும் கெடுவை நீட்டிக்கவும் முடியும். இரண்டு பேர் சாவிக்கு இடம் வை என்றேன்.

"சும்னே எதுக்கு மச்சா வெயிட் ஏத்துறே? ஒண்ணு போதும். நான் இருக்கேன்ல," என்றான்.

கடவுச்சொல்லையாவது சொல்லித் தொலை என்றதற்கு, சொல்லிவிட்டால் அப்புறம் அதற்கு என்ன மரியாதை என்று சிரித்தான். அவ்வளவு ஒழுங்கு ஐயாவுக்கு. எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை. போன மழைக்காலத்தில் ஆபீஸ் படிக்கட்டிலேயே மாரடைப்பு வந்து போய்ச் சேர்ந்தான்.

கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக எதையும் ஏற்ற முடியாது. அவன் ஏற்றி வைத்திருந்ததைக் கொண்டு அவள் ஓட்டினாள். தினமும் காலையில் மெஷினைத் திறந்தால் 'கையெழுத்து சரி' என்று ஒரு வரி வரும், பக்கத்தில் அவன் பெயர். அதைப் பார்த்த பிறகுதான் வேலையே ஓடுகிறது என்று ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

சாவியின் கெடு நெருங்கியது. அது முடிந்தால் எந்த மெஷினும் எதையும் ஏற்காது. அவள் பழையபடி பென் டிரைவோடு அலைய வேண்டியதுதான். வேறு வழியில்லாமல் என் பெயரில் ஒரு சாவி உண்டாக்கிக்கொண்டு பீன்யாவுக்குக் கிளம்பினேன். மெட்ரோவில் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே போனேன். இருப்பது ஒரே இடம். என் சாவி உள்ளே போனால் அவனுடையது அழிந்துவிடும்.

அவளிடம் சொன்னேன். ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அவரு பேரு வராதாண்ணா?"

"வராதும்மா." பிறகு மனசு கேட்காமல் சொன்னேன். "வேணும்னா ஒரு லைன் எழுதிடறேன். சாவி என்னுதா இருந்தாலும் ஸ்கிரீன்ல அவன் பேரே வரட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

திரும்பிப் பார்த்தாள். கண்கள் நிறைந்திருந்தன.

"எனக்குத் தெரியுமே. அவரு போடாத கையெழுத்த அவரு போட்டதா காட்டினா, அவரே வந்து உங்கள உதைப்பாரு. வேணாண்ணா."

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளே உட்கார்ந்து என் சாவியை ஏற்றினாள். பழைய சாவியை அழித்துவிடலாமா என்று கருவி கேட்டது. அந்தக் கேள்வியையும் அவன்தான் எழுதியிருந்தான். அவள் 'ஆம்' என்று அடித்தாள். மெஷின்கள் ஒவ்வொன்றாகப் புதுச் சாவியை எடுத்துக்கொண்டன. 'கையெழுத்து சரி' என்று வந்தது. பக்கத்தில் இருந்த என் பெயரை எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை.

"சரியா வருதுண்ணா," என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.