ஒன்பதாம் நம்பர் பந்து

அம்மாவை ஏழாம் மாதத்திலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, என்னைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மாமாவிடம் வந்தது. அம்மாவின் தம்பி அவர். நஞ்சன்கூட்டில் ஒரு ஃபேக்டரியில் வேலை. பிரசவ வார்டுக்குள் பிள்ளைகளை விடமாட்டார்கள். வெளியே பெஞ்சில் உட்கார மாமாவால் முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துப் பேட்டையான மண்டி மொஹல்லாவின் சந்துகளில், ஸ்கூட்டர்களுக்கு நடுவே சுற்றிக்கொண்டே இருந்தார். ஒரே பேக்கரியை மூன்றாம் முறை கடந்தபோது கால் வலிக்கிறது என்று அழுதேன். பேக்கரியின் மாடியில், வெள்ளைப் பந்தைக் கோலால் அடித்து மற்றப் பந்துகளை மேஜைக் குழிகளில் தள்ளும் பூல் ஆட்டத்துக்கான இடம் ஒன்று இருந்தது. யோசிக்காமல் படியேறிவிட்டார்.

எங்கள் இருவருக்குமே ஆட்டம் தெரியாது. கல்லாவில் இருந்தவர் ஒன்பது பந்துகளை ஒரு சட்டத்துக்குள் அடுக்கி, பாதிக் கன்னடத்தில் சொல்லிக்கொடுத்தார்.

"இருக்கறதுலயே சின்ன நம்பரைத்தான் வெள்ளைப் பந்து மொதல்ல தொடணும். ஒம்பதைக் குழியில போட்டவங்க ஜெயிச்ச மாதிரி. அஷ்டே, அவ்வளவுதான்."

பத்து வயதில் எனக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒன்றாம் நம்பரை விட்டுவிட்டு நேராக ஒன்பதையே குறிவைத்தேன். வெள்ளைப் பந்து எகிறி ஃப்ரிட்ஜுக்கு அடியில் உருண்டது. மாமா என்னைவிட மோசம். ஃபோனை மேஜை விளிம்பில் வைத்திருந்தார். குனிவார், குறி பார்ப்பார், ஃபோனைப் பார்ப்பார், நிமிர்ந்துவிடுவார்.

"பேக அடிங்க மாமா!" எங்கள் வீட்டில் 'சீக்கிரம்' என்று யாரும் சொன்னதில்லை. பேகதான்.

"அடிக்கறேன், இரு கண்ணு."

அடித்தார். பந்து எதையும் தொடாமல் போனது.

நான்காவது ஆட்டத்தில் நான் அடித்த ஒன்றாம் நம்பர் ஓடிப்போய் ஒன்பதை இடிக்க, ஒன்பது மூலைக் குழியில் விழுந்தது. கல்லாக்காரர் கைதட்டினார். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் என்று கெஞ்சினேன்.

"போதும் கண்ணு. அப்பா தேடுவாரு, கெளம்பலாம்."

அப்போதுதான் ஆஸ்பத்திரியில் இருந்த அப்பாவிடமிருந்து ஃபோன் வந்தது. மாமா படிக்கட்டுப் பக்கம் போய்க் காதில் வைத்தபடி நின்றார். "அக்கா நல்லாருக்கால்ல மச்சான்?" என்று கேட்டார். பிறகு, "சரி, நானே சொல்றேன்" என்றார்.

திரும்பி வந்தவரிடம், "பாப்பா பொறந்துடுச்சா?" என்று கேட்டேன்.

மாமா கோலின் நுனியில் சாக்பீஸைத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னொரு ஆட்டம் ஆடலாமா கண்ணு?"

தம்பி பிறந்து, அரை மணி நேரம்கூட உயிரோடு இல்லாமல் போயிருந்தான். அதை எனக்குச் சொல்லவேண்டியவர் மாமா. எதுவும் தெரியாத நான், மாமாவுக்கு இப்போதுதான் ஆட்டம் பிடித்துப்போயிருக்கிறது என்று எண்ணி, பந்து அடுக்கும் சட்டத்தை எடுத்துவர ஓடினேன்.