என் பெயர் இல்லாத மனு

பிளாஸ்டிக் கவரில் சுற்றிய நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மயினி என் வண்டிக்கு அருகில் வந்து நின்ற மதியம் இன்னும் மனத்தில் இருக்கிறது. என் அண்ணனின் மனைவி அவள். அண்ணன் இறந்து மூன்று மாதமே ஆகியிருந்தது. அதற்குள் வீடு வீடாக ஏறி இறங்கி, ஊரில் பாதிப்பேரிடம் மனுவுக்குக் கையொப்பம் வாங்கியிருந்தாள். கோயில் தர்மகர்த்தா, சர்ச்சின் பங்குச் சாமியார் ஆகியோரின் கையெழுத்து, எழுதத் தெரியாதவர்களின் பெருவிரல் ரேகை எல்லாம் அதில் இருந்தன.

சுனாமிக்குப் பிந்தைய வருடங்களில்தான் விரைவுச் சாலை எங்கள் ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போனது. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடைத்தெரு, நடுவே இடுப்புயரக் கான்கிரீட் சுவர். முறைப்படி கடப்பதென்றால் ஒரு மைல் தள்ளியிருந்த திருப்பம்வரை போய் வர வேண்டும். அண்ணனின் பேக்கரி வீட்டுக்கு நேர் எதிரே. மற்றவர்களைப் போலவே அவனும் மதியச் சாப்பாட்டுக்குச் சுவரைத் தாண்டித்தான் வருவான். அப்படித் தாண்டிய ஒருநாள் லாரி வந்துவிட்டது. மயினி சோற்றை விளம்பி மூடிவைத்துவிட்டு, வாசலில் அவனைப் பார்த்து நின்றிருந்தாள்.

லாரிகளை ஊருக்கு வெளியே திருப்பிவிடுங்கள், சுவரை இடியுங்கள், ஊருக்குள் இது நாங்கள் நடக்கக்கூடிய ஒரு தெருவாக இருக்கட்டும். மனுவில் கேட்டிருந்தது அவ்வளவுதான்.

"தம்பி, நீயும் ஒரு ஒப்பு போடுதியா?"

நான் அப்போது குளச்சலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு மீன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். "மீனு கெடாமப் போய்ச் சேருதது இந்த ரோட்டாலதான் மயினி. நான் எப்பிடிப் போடுவேன்?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. நோட்டைக் கவருக்குள் வைத்தபடி, "அந்த லாரிக்காரனுக்கும் இதே அவசரம்தான் இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு என்னிடம் கேட்கவேயில்லை. என் பெயர் இல்லாமலே மனு கலெக்டர் ஆபீசுக்குப் போயிற்று. எத்தனையோ முறை வண்டியை நிறுத்திவிட்டு அவள் வீட்டுக்குப் போக நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் பின்னால் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

பல வருடம் இழுத்தடித்து, ஒருவழியாக வயல்களைச் சுற்றிப் புதிய சாலை போட்டார்கள். ஊருக்குள் சுவரை உடைத்து, நடைபாதை கட்டி, சிக்னல் வைத்தார்கள். திறந்த அன்று கடைத்தெருவில் மிட்டாய் கொடுத்தார்கள். மயினியை மேடைக்குக் கூப்பிட ஆள் போனது, அவள் வரவில்லை. மிட்டாயை வாங்கிக்கொண்டு நான் தெருவைக் கடந்து அவள் வீட்டுக்குப் போனேன். அடுக்களையில் இருந்தாள். அண்ணனின் பேக்கரி இருந்த இடத்திலிருந்தா வருகிறாய் என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"கடக்க எவ்வளவு நேரம் ஆச்சு?"

எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. ஆனால் சொல்லவில்லை.

"ஒரு நிமிசம்கூட ஆகல்ல மயினி."

அவள் அடுக்களைச் சுவர்ப்பக்கமாகத் திரும்பிக்கொண்டாள். நான் நீட்டிய மிட்டாய் கையிலேயே இளகிக்கொண்டிருந்தது.