கிரீடத்தைக் கழற்றிய பாளையக்காரர்

தோட்டத்துப் பள்ளிக்கூட வேலையில் பாடம் நடத்துவது லேசு, ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதுதான் கஷ்டம் என்பது போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இலங்கை மலைநாட்டில், திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் எனக்கு அது முதல் வேலை. தொழிலாளர் குடியிருந்த எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான். வேலை நிரந்தரமாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கையில் இருந்தது. நான் எழுதியதோ, கும்பெனிப் படையை ஒரு பாளையக்காரர் கோட்டைவாசலில் மறித்துப் போரிடும் கவிதை நாடகம். சுதந்திரம் கிடைத்த புதிது. வேறு எதை எழுதத் தோன்றும்?

தொப்பி

நடிக்க வந்த தோட்டத்து ஆட்களில் பாளையக்காரர் வேஷத்துக்கு ஒருவரும் அகப்படவில்லை. கும்பெனிக் கேப்டனுக்குத்தான் போட்டி. கேப்டனுக்குக் காலில் சப்பாத்தும் தலையில் தொப்பியும் உண்டு. பாளையக்காரருக்குத் தேயிலைப் பெட்டியின் ஈயத்தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம். சுதந்திரத்துக்காகப் போராடுகிறவர்தான் கதாநாயகர் என்று தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த ராமையாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"சுதந்திரத்த யாரு வேணும்னாலும் வச்சுக்கட்டுங்க சார். அந்தத் தொப்பிய மட்டும் எனக்குக் குடுத்துருங்க."

செந்தமிழ்

விழாவுக்குத் துரைதான் தலைமை. அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். தினமும் காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் அந்தத் தமிழில்தான் ஏசுவார். நாடகமும் அவருக்கு விளங்கிவிடுமே என்று பயந்தேன். யாழ்ப்பாணத்துக்காரரான பெரிய கிளாக்கரிடம் நாடகத்தைக் காட்டி, ஆபத்தான வரிகளை அடித்துத் தரும்படி கேட்டேன். முழுவதும் வாசித்துவிட்டு, ஒன்றையும் அடிக்காமல் திருப்பித் தந்தார்.

"பயப்படாதையும் தம்பி. உம்மட செந்தமிழ் எனக்கே விளங்கேல்லை. துரைக்கு எங்கை விளங்கப்போகுது?"

போர்

விழா அன்று துரை தாமதமாக வந்தார். அப்போது மேடையில் பாளையக்காரர், "எவர்க்கும் வணங்காது எம் முடி" என்று முழங்கிக்கொண்டிருந்தார். வேஷம் போட்டவர் முத்தையா, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், நல்ல குரல். துரையைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது தோட்டத்து வழக்கம். முத்தையா கிரீடத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பின்னால் நின்ற படையும் தலைப்பாகைகளைக் கழற்றியது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. தொப்பியோடு நின்றவர் கேப்டன் வேஷத்து ராமையா ஒருவர்தான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அங்க யாருக்குடா சலாம்? இந்த நாடகத்துக்கு நாந்தாண்டா தொர!"

சனம் சிரித்த சிரிப்பில் கோட்டை விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. திரை விழுந்ததும் முத்தையா என்னிடம் வந்தார். கிரீடம் இன்னும் கக்கத்திலேயே இருந்தது.

"பாட்டு மறக்கல சார். கைதான் கேக்கல."

தீர்ப்பு

மறுநாள் துரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் புகையிலைக் குழாயைப் பற்றவைத்தார்.

"நாடகம் ரொம்ப நல்லம், வாத்தியார். ஆளுகளுக்கு நல்ல மரியாத படிச்சுக் குடுத்திருக்கு. வேல நிரந்தரம்."

இப்படியாக, அந்தப் போரில் வெள்ளைக்காரனிடமிருந்து நாங்கள் பிடித்த ஒரே இடம், பள்ளிக்கூடத்தில் என் நாற்காலிதான்.